எதில் கட்டினது என்று கேட்பவர்

மன்னாரில் எங்கள் பயிற்சி நிலையத்துக்குக் கொம்பியூட்டர்கள் லொறியில் வந்து இறங்கிய அன்று எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இதுகள் வேலை செய்யுமோ?" அக்கா மட்டும் ஒரு பெட்டியின் முதுகைச் சேலைத் தலைப்பால் துடைத்து, குனிந்து பார்த்து, "இது எதில கட்டினது?" என்று கேட்டார். லொறிக்காரர் என்னைப் பார்த்தார். நான் லொறிக்காரரைப் பார்த்தேன். "தகரத்திலதான் தங்கச்சி," என்றார் அந்த மனுசன், பாவம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அக்காவுக்குச் சிரிப்பே வரவில்லை. அடுத்த பெட்டிக்குப் போய் அதன் முதுகையும் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

அவரை நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பிடிக்காததைச் செய்துவிட்டு அவரிடம் பேச்சு வாங்க எனக்கு இந்த வயதிலும் துணிவில்லை.

சண்டை முடிந்து சனம் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. முசலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்திலிருந்து வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் வளர்ந்திருந்த காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெருநிலப் பக்கத்துச் சனம் முகாம்களிலிருந்து வந்து வயல் வரம்பு எங்கே இருந்தது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். "கூரை இல்லாத சனத்துக்குக் கொம்பியூட்டர் என்னத்துக்கு?" என்று நானே பல தரம் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே தோட்டவெளியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, உப்புக்குளத்தில் வாடகைக்கு எடுத்த அந்த வீட்டின் கதவைத் திறந்து, படலையடியில் படுத்திருக்கும் கழுதைகளைக் கலைத்துவிட்டு, வகுப்புகளுக்கு நேரம் போட்டுக் கொடுப்பேன். நிலையத்துக்குப் பொறுப்பு நான். கொம்பியூட்டர்களுக்குப் பொறுப்பு அக்கா. அக்காவுக்கு ஆர் பொறுப்பு என்றுதான் கடைசிவரை விளங்கவில்லை.

கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிற குடும்பம் அவருடையது. கம்பசில் படித்து, கொழும்பில் நல்ல வேலையில் இருந்து, முகாமிலிருந்து வெளியே வந்த தாய் தகப்பனோடு இருக்க வேண்டும் என்று ஊருக்கு வந்தவர். உயரமான ஆள். நடக்கும்போது ஏதாவது ஒரு வயர் கையில் இருக்கும். கதைத்தால் மெல்லமாகத்தான் கதைப்பார், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கே அவர் சொல்லித்தான் விளங்கியது. கொம்பியூட்டரைப் போட்டதும் முதலில் எழும்பி, திரை, விசைப்பலகை, டிஸ்க் எல்லாவற்றையும் பிடித்து வேலை வாங்குகிற அடிப்பகுதிக்குப் பெயர் கேர்னல். அதை மனிதர்கள்தான் எழுதுகிறார்கள். மனிதர் எழுதியதை இயந்திரத்துக்கு விளங்குகிறபடி மாற்றிக் கட்டித் தருவது கொம்பைலர் என்கிற இன்னொரு புரோகிராம். கொம்பைலரிலும் பழசு உண்டு, புதுசு உண்டு. எங்களுக்கு வந்தவையோ வெளிநாட்டில் யாரோ கழித்துவிட்ட பெட்டிகள். ஒன்று நேற்றுப் பிறந்தது, ஒன்று கிழடு. கிழட்டுப் பெட்டிக்குப் பழைய கேர்னல்தான் பொருந்தும். அந்தப் பழைய கேர்னலை எழுதியவர்கள் அந்தக் காலத்துக் கொம்பைலரின் குணத்தை நம்பி எழுதியிருப்பார்கள். அதைக் கொண்டுபோய்ப் புதிய கொம்பைலரிடம் கொடுத்தால் இது பிழை, அது பிழை என்று திருப்பி எறியும்.

"பிழை பிடிச்சுத் திருப்பி எறிஞ்சாப் பரவாயில்லை," என்பார் அக்கா. "ஒண்டும் சொல்லாமல் வாங்கிக் கட்டிக் குடுத்திட்டுதெண்டாத்தான் எனக்குப் பயம்."

ஆகவே உள் அறையில் ஒரு பெட்டியை ஒதுக்கி, அதில் பழசிலிருந்து புதுசுவரை பல கொம்பைலர்களை வைத்திருந்தார், ஒன்றின் கண்ணில் மற்றது படாதபடி தனித்தனி இடத்தில். எல்லாவற்றிலும் மூத்தது இரண்டு தசம் தொண்ணூற்றைந்து என்கிற பதிப்பு. அதை "பெரியவர்" என்பார். ஒரு பெட்டிக்குக் கேர்னல் கட்டி முடித்ததும், அதை எந்தக் கொம்பைலரில் கட்டினார் என்பதை மருந்துப் பிளாஸ்டரில் எழுதிப் பெட்டியின் நெற்றியில் ஒட்டிவிடுவார். வகுப்புக்கு வருகிற சனம் பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு, இது அடிபட்ட பெட்டி, மெல்லமாகத் தட்ட வேண்டும் என்று நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. பெட்டிகளுக்கு அதனால் நல்லதுதான் நடந்தது.

விறாந்தையில் இருந்த பெட்டி வேறு சாதி. இன்டர்நெட்டை எல்லாப் பெட்டிகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது அதன் வேலை. மற்றவை எல்லாம் லினக்ஸ், இது மட்டும் வேறொரு சிஸ்டம். அதன் கேர்னலும் வேறு, அதைக் கட்ட அதற்கென்று ஒரு கொம்பைலர். அதன் சின்னமோ கொம்பும் வாலும் வைத்த ஒரு சிவப்புக் குட்டிப் பேய். வெளிநாட்டில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துக் கதைக்கப் பழக வந்த றீற்றா மாமி ஒரு நாள் அந்தப் பேயைத் திரையில் கண்டுவிட்டார். அவ்வளவுதான். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார்.

"சேசுவே! என்ன பிள்ளை இது, பேயைக் கொண்டுவந்து விறாந்தையில வைச்சிருக்கிறியள்?"

"அது காவலுக்கு நிக்கிறது மாமி. ஒண்டும் செய்யாது," என்றேன் நான்.

"காவலுக்குப் பேயை வைக்கிற வீட்டை நான் இண்டைக்குத்தான் காணுறன்!"

நான் என்றால் மாமியோடு ஒரு மணித்தியாலம் வாதாடியிருப்பேன். அக்கா ஒரு சொல்லும் சொல்லாமல் போய் உட்கார்ந்து, அந்தப் படத்தை எடுத்துவிட்டு, பெட்டியைத் திரும்பப் போட்டுக் காட்டினார். "மாமிக்குப் பயமெண்டா எடுத்துவிடுறதுதானே. படம் இல்லாமலும் அது காவல் காக்கும்," என்றார். மாமி உள்ளே வந்து, மகளோடு கதைத்து, அழுது, போகும்போது அக்காவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

இது எதில கட்டினது என்கிற கேள்வி கொம்பியூட்டரோடு நின்றிருந்தால் நல்லது. நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், மீன் குழம்பில் ஒரு வாய் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "அன்ரி, இது எதில வைச்சனீங்கள்?" என்று கேட்டார். அம்மாவின் முகம் கறுத்துப்போனது. குழம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டா. பிறகு அது இடம்பெயர்ந்தபோதும் கைவிடாமல் கொண்டு திரிந்த மண்சட்டி என்று தெரிந்ததும், அந்தச் சட்டியைக் குசினியிலிருந்து எடுத்துவரச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்த்தார் அக்கா. அம்மாவுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து நான் வேலையால் வந்தால் முதல் கேள்வி, "உன்ர அக்கா சாப்பிட்டவவோ?" என்னைக் கேட்பார் இல்லை.

ஆட்களிடமும் அப்படித்தான். புத்தளத்திலிருந்து வந்த பெண்களோடு ஒரு மாதிரி, மலைநாட்டிலிருந்து வந்து பெருநிலத்தில் குடியேறின சனத்தோடு ஒரு மாதிரி, எங்கள் கத்தோலிக்கக் கிழவிகளோடு ஒரு மாதிரிக் கதைப்பார். "ஆக்களுக்கும் கொம்பைலர் மாத்துறீங்கள் அக்கா," என்று ஒரு நாள் நக்கலடித்தேன். கோபம் வந்துவிட்டது.

"நான் ஒண்டையும் மாத்தேல்லை. அவை எப்பிடிக் கதைச்சு வளந்தவையோ அப்பிடிக் கேக்கிறன். நீர்தான் எல்லாரையும் தோட்டவெளி ஆக்களாக்கப் பாக்கிறீர்."

சுட்டது. உண்மை என்றபடியால் இன்னும் சுட்டது.

கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுசன், எங்களுக்கு உதவி எடுத்துத் தந்ததே அவர்தான். எல்லாப் பெட்டிக்கும் ஒரே சிஸ்டம், ஒரே புதிய கேர்னல், ஒரே கொம்பைலர் போட்டால் பராமரிக்க வசதி என்றார். நியாயமான பேச்சு, நானும் தலையாட்டினேன். அக்காவும் "ஓம் சேர், நியாயம்தான்," என்றார். பிறகு, "புதுசு ஏறாத மூண்டு கிழட்டுப் பெட்டியையும் எங்க எறியிறதெண்டு மட்டும் சொல்லுங்கோ," என்றார். அதிகாரி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒவ்வொன்றிலும் யாரோ இருந்து பழகிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தேத்தண்ணி குடித்துவிட்டு, "சரி, இருக்கிறபடி இருக்கட்டும்," என்று போனார். எனக்கு அக்காவில் எரிச்சல். பிளாஸ்டர் ஒட்டுகிற வேலை இனி முடியும் என்று நினைத்திருந்தேன்.

எறியச் சொல்லாத அந்த மூன்றில் ஒன்றுதான் நசீர் நானாவின் பெட்டி.

நசீர் நானா சிலாவத்துறை ஆள்; முஸ்லிம் சனத்துக்கு நானா என்றால் அண்ணன். புத்தளத்தில் இருந்த காலத்தில் கடை வைத்திருந்தவர். சீனி வருத்தத்தில் கண் பார்வை மெல்ல மெல்லக் குறைந்து, ஊருக்குத் திரும்பிய வருடம் முற்றாகப் போய்விட்டது. "ஊரைப் பாக்கணும் எண்டு வந்தன், ஊர் இருக்குது, கண் இல்ல," என்று சிரித்துக்கொண்டு சொல்வார்.

லொறியில் வந்த ஒரு கிழட்டுப் பெட்டிக்குள் பேசும் அட்டை ஒன்று இருந்தது. திரையில் வருகிற எழுத்தை வாசித்துச் சொல்லும் பழைய காலத்து அட்டை. குரல், வெள்ளைக்காரத் துரை ஒருவர் மூக்கடைப்போடு வாசித்தது மாதிரி. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழையும் ஒரு மாதிரி வாசித்துவிடும். அந்த அட்டையைப் புதிய கேர்னல்களுக்குத் தெரியாது. பழைய கேர்னல் ஒன்றுக்குத்தான் தெரியும், அதையும் பெரியவரால்தான் ஒழுங்காகக் கட்ட முடியும். அக்கா பேச்சைக் கேர்னலுக்கு உள்ளேயே வைத்துக் கட்டினார். பெட்டியைப் போட்டவுடன் முதல் வரியிலிருந்தே அது பேசத் தொடங்கும். டிஸ்க் கிடைத்தது, விசைப்பலகை கிடைத்தது, இன்னது கிடைக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே எழும்பும்.

"அது நல்லா எழும்பினாப் பிறகு பேசினாப் போதாதோ அக்கா? ஏன் இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"எழும்பேக்கை ஒண்டு பிழைச்சா நானா ஆரைக் கூப்பிடுறது? உம்மையோ?"

நானா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தங்கச்சி, எனக்குக் கண் இல்லாதது பெரிய கவல இல்ல," என்றார். "ஒவ்வொண்டுக்கும் மத்தவன்ட கண்ணக் கேட்டுக்கிட்டு நிக்கிறதுதான் கவல."

அவருக்கு ஒரு வேலை இருந்தது, கிடைத்தால். சிலாவத்துறை மீனவர் சங்கத்தில் தொலைபேசி எடுத்து, எந்தச் சம்மாட்டிக்கு, அதாவது படகு முதலாளிக்கு, எவ்வளவு ஐஸ், எந்த லொறி எப்போது வரும் என்று கொம்பியூட்டரில் பதிகிற வேலை. நானாவுக்கு ஒரு குரலைக் கேட்டால் ஆளை மறக்காது. ஆனால் சங்கத் தலைவர் ஒரு கேள்வி கேட்டார்: "கண் தெரியாத மனுசனுக்குப் பக்கத்தில ஒராள இருத்தணும் எண்டா, அந்த ஆளுக்கே வேலயக் குடுக்கலாமே?" நேரில் வந்து பார்க்கிறோம், தனியாகச் செய்து காட்டினால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று முடிவு சொன்னார்கள். நானாவுக்குக் கலியாணத்துக்கு நிற்கிற குமர்ப் பிள்ளைகள் இரண்டு பேர். மனைவி அடுத்த வீடுகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துத்தான் குடும்பம் ஓடியது.

அவர்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு ஒரு கிழமை முன்னம் டிஸ்க் செத்தது. மன்னார் உப்புக்காற்று இரும்பைத் தின்னும், டிஸ்க்கையும் விடாது. "பெட்டி மௌத்தாப்போச்சு," என்றார் நானா, தொட்டுப் பார்த்து. ஒரு கிழமை இருக்கிறதுதானே, ஆறுதலாகக் கட்டலாம் என்று அக்கா புதிய டிஸ்க் ஒன்றைப் போட்டு வைத்தார். அன்று பின்னேரமே தலைவர் தொலைபேசி எடுத்தார். நாளைக் காலமை மாவட்டச் செயலகக் கச்சேரியில் அலுவலாம், அப்படியே எங்களிடமும் வந்துவிட்டுப் போகிறார்களாம்.

காலையில் நான் வந்தபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். நானா வந்து உட்கார்ந்தார். பெட்டியைத் திரும்பப் போட்டார். அது மௌனமாக எழும்பியது. பாதி வழிக்குப் பிறகுதான் பேசத் தொடங்கியது.

"இண்டைக்கு இது பிந்தி முழிக்குதே தங்கச்சி. என்ன செஞ்சீங்க?"

"ஒண்டுமில்லை நானா," என்றார் அக்கா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். அப்போது எனக்கு அது பொய் என்று தெரியாது.

நடந்தது இதுதான். பெரியவரில் முழுதாகக் கட்ட நேரம் போதாது என்று பயந்து, பக்கத்துப் பெட்டிக்காக வேறு கொம்பைலரில் ஏற்கனவே கட்டிவைத்திருந்த அதே வகைக் கேர்னலை எடுத்துப் போட்டிருக்கிறார். பேசுகிற துண்டு மட்டும் பெரியவரில் கட்டினது, முந்தித் தனியாகக் கட்டிப் பார்த்த பழைய பிரதி ஒன்று கையில் இருந்தது. இரண்டையும் சேர்த்திருக்கிறார். இப்படிச் சேர்க்கக் கூடாது. இரண்டு கொம்பைலரும் ஒரே இடத்தை இரண்டு மாதிரி அளக்கும், ஒன்று வெறும் இடம் என்று விட்டதை மற்றது நிரம்பிய இடம் என்று எண்ணும். அதனால் கேர்னலே வாசலில் நின்று, நீ எதில் கட்டினது என்று அந்தத் துண்டைக் கேட்கும். பொருந்தாவிட்டால் உள்ளே விடாது. வற்புறுத்தித் தள்ளிவிட ஒரு கட்டளை இருக்கிறது. கள்ள வழி என்று சொல்லி எங்கள் எல்லாருக்கும் அதைத் தொடக்கூடாது என்று தடை போட்டவர் இவர்தான். அந்தக் கள்ள வழியால்தான் அன்று தள்ளியிருந்தார். வெளியிலிருந்து பிறகு தள்ளின துண்டு என்றபடியால்தான் அது பிந்திப் பேசியது.

தலைவரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். கதிரை போட்டு இருத்தினேன். நானா கைகளை விசைப்பலகையில் வைத்தார். தலைவர் முற்றத்துக்குப் போய்த் தன் தொலைபேசியிலிருந்து எடுத்து, ஐஸ் வேண்டும் என்று ஒரு சம்மாட்டி போலக் கதைத்தார். நானா பதிந்தார், பெட்டி வாசித்துக் காட்டியது. வந்திருந்த மற்ற இருவரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். இரண்டாவது ஓடரின் நடுவில் குரல் அறுந்தது.

நானா ஒரு விசையைத் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். திரை அப்படியே உறைந்துபோய் நின்றது, அது அவருக்குத் தெரியாது. எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அவர் முகத்தை எங்கள் பக்கம் திருப்பி, "கதைக்குதில்ல," என்றார் மெல்லமாக.

"இதத்தான் நான் சொன்னன்," என்றார் தலைவர். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது. "நடுக்கடல்ல போட் நிக்கேக்குள்ள இப்பிடி ஊமையாப் போனா நாங்க என்ன செய்யிற?"

அக்கா எழும்பி வந்து அவர்களுக்கு முன்னால் நின்றார். "இது நானாவில பிழையில்லை. பெட்டியிலயும் பிழையில்லை. நான் அவசரப்பட்டுக் கள்ள வேலை செய்தனான்," என்றார். "ரெண்டு மாதிரிக் கட்டினதை ஒண்டாச் சேத்துத் தள்ளிப்போட்டன். செய்யக்கூடாதெண்டு தெரிஞ்சுகொண்டுதான் செய்தனான். நானா கேட்டவர், அவருக்கும் பொய் சொன்னனான். முறையாக் கட்டித் தாறன், கொஞ்சம் இருங்கோ."

"எவ்வளவு நேரம்?"

"மத்தியானம் தாண்டும்."

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் எழும்பப் போகிறார் என்று எனக்கு விளங்கியது. நான் மாதாவை நினைத்துக்கொண்டேன். நானாதான் பேசினார்.

"தலைவர், ளுகர்த் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு. பள்ளி கிட்டத்தான். தொழுதிட்டுச் சாப்பிட்டுட்டு வருவம். அதுக்குள்ள தங்கச்சி கட்டிருவா." பிறகு அக்கா நின்ற பக்கம் முகத்தைத் திருப்பி, "இப்ப உண்மையச் சொன்னீங்கதானே. அது போதும்," என்றார்.

அவர்கள் போனார்கள். அக்கா உள் அறையில் பெரியவரை எழுப்பி, கேர்னலையும் பேசுகிற துண்டையும் சேர்த்து முதலிலிருந்து கட்டத் தொடங்கினார். திரையில் வரிகள் ஓடின. ஒவ்வொரு எச்சரிக்கையையும் நிறுத்தி வாசித்தார். எனக்கு உயிர் போனது.

"கெதியா அக்கா, கெதியா! வந்திடுவினம்!"

"கெதியாச் செய்ததாலதான் இப்ப இருந்து கட்டுறன். நீர் போய்த் தேத்தண்ணி போடும்."

போட்டேன். ஆறிப்போனது. திரும்பவும் போட்டேன், அதுவும் ஆறிப்போனது. அவர் குடிக்கவில்லை, வியர்வையை மட்டும் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் வந்தபோது புதிய பிளாஸ்டர் ஒட்டி முடிந்திருந்தது. நானா உட்கார்ந்து, பெட்டியைப் போட்டார். முதல் வரியிலேயே மூக்கடைத்த துரை பேசத் தொடங்கினார். நானாவின் முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. கையை நீட்டித் தடவி, திரையின் சுவிச்சை அவரே நிறுத்தினார். "இது எனக்குத் தேவல்ல, கரண்டு வீண்," என்றார். திரை கறுப்பு. எங்களுக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை, அவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது. தலைவர் திரும்பவும் முற்றத்துக்குப் போய் ஓடருக்கு மேல் ஓடராகக் கொடுத்தார், இடையில் ஒன்றை மாற்றினார், ஒன்றை வேண்டாம் என்றார், வேண்டுமென்றே குழப்பினார். நானா எல்லாவற்றையும் பதிந்து, வாசித்துச் சொல்லி, "முந்தி சொன்ன லொறி பேசாலைக்கெல்லோ, இப்ப சிலாவத்துறை எண்டுறீங்க, எது சரி?" என்று கேட்டார். தலைவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு யன்னலால் உள்ளே பார்த்துச் சிரித்தார். "சனிக்கிழம வேலைக்கு வாங்க," என்றார்.

பெட்டி நானாவோடு சிலாவத்துறைக்குப் போனது. பெரியவரின் பிரதி ஒன்றையும் அக்கா அதற்குள் வைத்து அனுப்பினார். அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. விடுமுறை நாட்களில் நானா பஸ் ஏறி வருவார். இருவரும் உள் அறையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். நானாவின் காதுக்கு அந்தக் குரலை விரைவாக ஓடவிடுவார் அக்கா, எனக்கு அது வண்டு இரைகிற மாதிரித்தான் கேட்கும். நானா இடையில் கையைத் தூக்கி, "நில்லுங்க, இதில ஒரு எச்சரிக்க," என்பார். அக்கா நிறுத்தி, அதற்கு என்ன கருத்து என்று சொல்லிக்கொடுப்பார். பிறகு கடல் சீசன் தொடங்கியது, வேலை கூடி நானா வருவது நின்றது. அக்கா அடிக்கடி வாசலைப் பார்ப்பார். கேட்டால், "ஒண்டுமில்லை," என்பார்.

ஒரு பின்னேரம் தொலைபேசி வந்தது. நானா. சங்கத்துக்குப் பற்றுச்சீட்டு அடிக்கிற பிரின்டர் ஒன்று வாங்கியிருக்கிறார்களாம், கேர்னலுக்கு அதைத் தெரியவில்லையாம்.

"நான் நாளைக்கு முதல் பஸ்ஸிலயே வாறன் நானா," என்றார் அக்கா. கையில் இருந்த வயரை அப்போதே பைக்குள் வைத்துவிட்டார். முகம் எல்லாம் சந்தோசம்.

"வர வேண்டாம் தங்கச்சி. நேத்தே நான் கட்டிட்டன். பெரியவரிலதான், முழுசா. கேளுங்க."

அக்கா தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டார். சிலாவத்துறையில் ஒரு சுவிச் தட்டுகிற சத்தம். பிறகு அந்த மூக்கடைத்த குரல், முதல் வரியிலிருந்து. டிஸ்க் கிடைத்தது. விசைப்பலகை கிடைத்தது. பிரின்டர் கிடைத்தது. ஒரு வரி விடாமல் சொல்லி முடித்து, கட்டளைக்குக் காத்திருந்தது. பிறகு பிரின்டர் கறகறவென்று தாளை இழுக்கிற சத்தம்.

"எப்பிடித் தங்கச்சி?"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"தங்கச்சி? லைன்ல இருக்கீங்களா?"

நான் தொலைபேசியை வாங்கினேன். "அக்கா அழுறா நானா," என்றேன்.

"யா அல்லாஹ்! ஏன், எங்கயும் பிழையாக் கட்டிட்டனா?"

அக்கா என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தார். "ஒரு பிழையும் இல்லை நானா. இனி நான் அங்க வரத் தேவையில்லை," என்று சொல்லிவிட்டு, சத்தமாகவே அழுதார்.